சாளை போகும் வழி

பெரியோர்களே, தமிழ் வகுப்பு மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாய்மரப் படகுப் பந்தயம் என்று தலைப்பை அறிவித்தவுடன், நான் சோழர் கடற்படையில் தொடங்குவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவில் நம் வீட்டுப் பக்கத்து டர்பன் துறைமுகமே இன்றைய பேச்சுக்குப் போதும். அங்கே ராயல் நேட்டால் படகுக் கழகம் 1858இல் தொடங்கப்பட்டது. சென்னையில் 342 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கென்று நம் முன்னோர் கரையிறங்கிய நாளில், பொழுதுபோக்குக்காகப் பாய் விரிப்போர் இந்த விரிகுடாவில் ஏற்கெனவே இருந்தனர்.

உலகில் படகுப் பந்தயம் நடக்கும் நகரங்கள் பல உண்டு. ஆனால் டர்பனுக்கு வெளியே உள்ள கடல் தனி வகை. கரையிலிருந்து கடலடித்தளம் மெல்லச் சரிந்துகொண்டே போய், ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்துக்குப் பிறகு திடீரென்று செங்குத்தாக இறங்குகிறது. அந்த விளிம்பை ஒட்டி, வெதுவெதுப்பான அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது. அதன் நடுப்பகுதியின் வேகம் மணிக்கு 4 கடல் மைலையும் தாண்டுவதுண்டு. வாஸ்கோ ட காமா பெயரில் நடக்கும் பந்தயம் 1968இல் அன்றைய லோரன்சோ மார்க்கஸிலிருந்து, அதாவது இன்றைய மபூட்டோவிலிருந்து, டர்பனுக்கு ஓடியது. பிற்பாடு டர்பனிலிருந்து தெற்கே ஈஸ்ட் லண்டனுக்கு மாறியது. அந்தத் தெற்குப் பாதை சுமார் 250 கடல் மைல். மணிக்கு 7 கடல் மைல் ஓடும் படகு நீரோட்டத்துக்கு வெளியே போனால் அதைக் கடக்க 36 மணி நேரம் ஆகும். நீரோட்டத்தின் நடுவே ஏறிக்கொண்டால் 23 மணி நேரத்தில் முடித்துவிடலாம். இத்தனை பெரிய வேறுபாட்டை விலையுயர்ந்த பாய்த்துணி எதுவும் தந்துவிடாது.

ஆனால் ஏறிக்கொண்டவர் எப்போது இறங்குவது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வடகிழக்குக் காற்று முதுகில் வீசும்வரை பயணம் சுகமானது. பிறகு காற்றழுத்தமானி இறங்கத் தொடங்கும். அது இறங்கி முடித்து மீண்டும் ஏறத் தொடங்கும் வேளையில்தான் தென்மேற்குப் புயற்காற்று பாய்ந்து வரும் என்பது இந்தக் கரையின் மாலுமிகளுக்கு மனப்பாடம். தெற்கே ஓடும் நீரின்மேல் தெற்கிலிருந்து வரும் காற்று மோதும்போது அலைகள் நெருங்கிச் செங்குத்தாகின்றன. அவற்றுள் சில 20 மீட்டர் உயரத்தை எட்டக்கூடியவை. அலையின் உயரத்தைவிட அதற்கு முன்னே திறக்கும் பள்ளமே கொடியது; படகின் அணியம், அதாவது முன்முனை, அதற்குள் தலைகுப்புறச் சரியும். 1909 ஜூலையில் டர்பனை விட்டுப் புறப்பட்ட ‘வாரட்டா’ என்ற நீராவிக் கப்பல் 211 பேருடன் இந்தக் கடலில் காணாமற்போனது. அதன் முடிவு எப்படி நேர்ந்தது என்று இன்றுவரை யாரும் அறியார். ஆயினும் பந்தயக்காரர்கள் அந்தப் பெயரை மறப்பதில்லை. டர்பனுக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் நடுவே ஒதுங்கத் தக்க துறைமுகம் கிடையாது. ஆகவே காற்று திரும்பும் என்று தெரிந்தால், வெற்றியைப் பற்றி யோசிக்காமல், 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உட்புறம், கரைப்பக்கமாக வந்துவிட வேண்டும்.

வடக்கே போகிறவருக்கு விதி நேர்மாறு. நீரோட்டத்தை எதிர்த்து ஓடுவது வீண் உழைப்பு; கரையை ஒட்டியே போக வேண்டும். சில நாட்களில் அங்கே வடகிழக்கு நோக்கி ஓர் எதிரோட்டமும் கிடைக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் சாளை மீன் திரள் இந்தக் கரைக்கு வருகிறதே, அது வரும் வழியும் இதுதான்: வெப்ப நீரோட்டத்துக்கும் கரைக்கும் இடையில் கிடக்கும் குளிர்ந்த நீர்ப்பட்டை. பந்தயக்காரர் வரைபடத்தை வைத்துக் கற்பதை இங்கே கரைவலை இழுத்த நம்மவர்கள் கடலின் நிறத்தையும் பறவைகள் பாயும் இடத்தையும் பார்த்துக் கற்றார்கள்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தவர்கள் சிலர் விரிகுடாவுக்குள் இருக்கும் சாலிஸ்பரித் தீவில் குடியேறி மீன்பிடித்தார்கள். 1917 அக்டோபரில் உம்கெனி ஆறு பெருகியபோது, மாரிமுத்து படவாட்டனும் தோழர்கள் ஐவரும் ஒரு மீன்பிடிப் படகை வெள்ளத்துக்குள் செலுத்தி 176 பேரைக் கரைசேர்த்தார்கள். படகைக் குறிக்கும் படவு என்ற சொல் அந்தக் குடும்பப் பெயரிலேயே ஒலிப்பதாக எனக்குத் தோன்றும். இத்தகைய படகோட்டிகள் இருந்த ஊரில்தான் 1953இன் சட்டம் கடற்கரையையும் நிறம் பார்த்துப் பிரித்தது. 1961இல் அதே சாலிஸ்பரித் தீவின் பழைய கடற்படைக் கட்டடங்களில் இந்தியருக்கென்று தனிக் கல்லூரி திறந்தார்கள். மாணவர்கள் படகேறித்தான் வகுப்புக்குப் போனார்கள். விரிகுடாவின் மறுபுறம் வெள்ளைப் பாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாய் பிடிக்கும் வாய்ப்பு அந்த மாணவர்களுக்கு இல்லை.

இன்று கதவு திறந்திருக்கிறது. 2007இல் ஸ்பெயினின் வலென்சியாவில் அமெரிக்கக் கோப்பை என்ற பாய்மரப் பந்தயத்துக்காக மோதிய ‘ஷோஷோலோசா’ ஆப்பிரிக்காவின் முதல் படகு. அதில் கறுப்பின இளைஞர்களும் இருந்தார்கள். செலவைப் பற்றிப் பெற்றோர் கேட்பீர்கள். பெரிய படகு செல்வர் விளையாட்டுத்தான், மறுக்கவில்லை. பிள்ளைகள் தொடங்குவதோ இந்த நாட்டிலேயே ஜாக் கோப்பர் வடிவமைத்த ‘டாப்சிக்’ போன்ற சிறிய படகில். அது மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள, தட்டையான ஒட்டுப்பலகைப் படகு.

அதன் சிறு மாதிரி ஒன்றை வாசலருகே மேசைமேல் வைத்திருக்கிறேன். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். மாணவர்கள் இரண்டையும் அவிழ்த்துப் பார்க்கலாம். போகும்போது திரும்பக் கட்டிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.