கொழும்பு வெயிலிலும் மழையிலும் வீட்டு நீச்சல் தடாகத்தின் உப்பு குளோரினேட்டரை ஓட்டுவது எப்படி?

வணக்கம். வீட்டில் நீச்சல் தடாகம் இருந்து அதில் உப்பு குளோரினேட்டர் போட்டிருப்பவர்களுக்கும், போடலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்த வீடியோ. மெஷினோடு வரும் கையேட்டில் குளிர்காலத்துக்குத் தடாகத்தை எப்படி மூடி வைப்பது என்று விளக்கமாக எழுதியிருக்கும். ஒக்டோபர் மழையில் ஒரே இரவில் தடாகம் நிரம்பி வழிந்தால் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியது அதுதான், அதனால் இங்கே அதற்குத்தான் கூடுதல் நேரம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். “எங்கள் தடாகத்தில் குளோரின் இல்லை, உப்புத் தண்ணீர்தான்” என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. கிருமியைக் கொல்வது உப்பு அல்ல, குளோரின்தான். அதைக் கானில் வாங்கி ஊற்றாமல் உங்கள் பம்ப் ரூமிலேயே உற்பத்தி செய்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

(திரையில்: கண்ணாடிபோன்ற குழாய்க்குள் இருக்கும் செல், கிட்டத்தில்)

இதுதான் செல். உள்ளே அடுக்கடுக்காகத் தெரிவது டைட்டேனியம் தகடுகள், மேலே ருத்தேனியம், இரிடியம் போன்ற உலோகங்களின் மெல்லிய பூச்சு. விலை முழுக்க அந்தப் பூச்சில்தான். உப்பு கலந்த தண்ணீர் தகடுகளுக்கு நடுவே ஓடும்போது நேர் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கத் தகட்டில் குளோரின் உருவாகித் தண்ணீரில் கரைகிறது, மறுபக்கம் ஹைட்ரஜன் குமிழியாக வெளியேறுகிறது. கூர்ந்து பாருங்கள், தகட்டிலிருந்து பால்போல வெண்மையாகக் கிளம்பும் அந்தப் பொடிக் குமிழிகள் ஹைட்ரஜன். குளோரின் தன் வேலையை முடித்ததும் திரும்ப உப்பாகவே மாறிவிடும். ஆகவே உப்பு தீர்ந்துபோவதில்லை. தண்ணீர் வெளியே போனால்தான் உப்பும் போகும்: வழிந்தால், பேக்வாஷ் செய்தால் (ஃபில்டரில் தண்ணீரைத் திருப்பி விட்டு அழுக்கை வெளியேற்றினால்), பிள்ளைகள் குதித்துத் தெறித்தால்.

எவ்வளவு உப்பு போட வேண்டும்? பெரும்பாலான மெஷின்கள் கேட்பது 3,000 முதல் 4,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை. உங்கள் மெஷினின் அளவு அதன் கையேட்டில் இருக்கும். கடல் நீர் ஏறத்தாழ 35,000 பிபிஎம், அதனால் இது வாயில் பட்டால் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான். கணக்கு மிகவும் சுலபம். 1,000 லீற்றருக்கு 1 கிராம் போட்டால் 1 பிபிஎம். 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீற்றர் என்று ஒரு தடாகத்தை எடுத்துக்கொள்வோம், ஏறத்தாழ 45,000 லீற்றர். 3,200 பிபிஎம் வேண்டுமென்றால் 144 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. முதலில் இரண்டு மூட்டை போட்டு, கரைந்ததும் அளந்துவிட்டு மிச்சத்தைப் போடுங்கள். ஏனென்றால் குறைந்தால் சேர்க்கலாம், கூடிவிட்டால் தண்ணீரைத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

உப்பு வாங்குவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். சமையல் உப்பு வேண்டாம், அதில் அயடீனும் கட்டியாகாமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும். புத்தளத்திலிருந்தோ அம்பாந்தோட்டையிலிருந்தோ ஆனையிறவிலிருந்தோ வந்தாலும், கழுவிச் சுத்தம் செய்த, அயடீன் சேர்க்காத வெள்ளை உப்பாகக் கேட்டு வாங்குங்கள். மண்நிறமாக இருக்கும் கல்லுப்பைப் போட்டால் அதிலிருக்கும் அழுக்கும் இரும்பும் தடாகத்தின் தரையில் கறையாக நிற்கும். 2025-இல் மழையால் உப்பளங்களில் விளைச்சல் குறைந்து இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தார்களே, அந்த மாதிரித் தட்டுப்பாடு வந்தாலும் கிடைத்ததை அள்ளிப் போடாதீர்கள். சில நாட்களுக்கு லிக்விட் குளோரின் ஊற்றிச் சமாளிக்கலாம்.

உப்பு போடும்போது செல்லை நிறுத்திவிட்டு பம்பை மட்டும் ஓடவிடுங்கள். தடாகத்தைச் சுற்றி நடந்தபடி தூவி, அடியில் தங்குவதை பிரஷால் தள்ளிவிட்டு, ஒரு முழு நாள் கழித்துச் செல்லைப் போட்டால் போதும். புதிதாகச் சீமெந்து பூசிய தடாகமென்றால் பூச்சு இறுகுவதற்குக் குறைந்தது நான்கு வாரம் கொடுத்த பிறகுதான் உப்பே போட வேண்டும்.

சரி, இப்போது பெட்டிக்கு வருவோம்.

(திரையில்: கண்ட்ரோல் பெட்டி, 60% என்று காட்டும் எண்)

இந்த 60% தண்ணீரில் இருக்கும் குளோரினின் அளவு அல்ல. செல் எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பது. பல மெஷின்களில் 60% என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் உற்பத்தி, நான்கு நிமிடம் ஓய்வு என்ற மாதிரி. ஆகவே குமிழி வராத நேரத்தில் பார்த்துவிட்டு மெஷின் பழுது என்று பதற வேண்டாம். மணிக்கு 20 கிராம் தரும் செல்லை 60%-இல் 8 மணிநேரம் ஓடவிட்டால் 96 கிராம் குளோரின். நம் 45,000 லீற்றர் தடாகத்தில் அது 2 பிபிஎம்முக்குச் சற்று மேல். வெயில் சுட்டெரிக்கும் ஏப்ரலில் ஒரே நாளில் அவ்வளவும் போய்விடலாம். மழை மூட்டமான ஜூனில், யாரும் இறங்காத வாரத்தில், அதே 60% அதிகமாகிவிடும். சாதாரண வீட்டு மெஷினுக்கு இது எதுவும் தெரியாது. அது தண்ணீரில் இருக்கும் குளோரினை அளந்து பார்ப்பதே இல்லை, நீங்கள் சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவு உற்பத்தி செய்யும். அளக்க வேண்டியது நீங்கள்.

வாரத்தில் இரண்டு தடவையாவது அளந்து பாருங்கள். சுயாதீன குளோரின், அதாவது கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின், 2 முதல் 4 பிபிஎம். தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 7.2 முதல் 7.6. மஞ்சள் நிறம் காட்டும் மலிவான சொட்டு மருந்து, அழுக்கோடு சேர்ந்துவிட்டதையும் கூட்டி மொத்தக் குளோரினைத்தான் காட்டும். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி கிட் வாங்குங்கள், அந்தக் காசு வீண் போகாது. சதவீதத்தை மாற்றினால் இரண்டு மூன்று நாள் விட்டுத் திரும்ப அளந்துவிட்டு அடுத்த மாற்றத்தைச் செய்யுங்கள்.

கொழும்பில் வெயிலுக்கு ஒரு தனிக் கவனம் தேவை. பாதுகாப்பு இல்லாத குளோரினை உச்சி வெயில் ஒரு மணிநேரத்துக்குள்ளேயே பாதியாக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம். உப்பு குளோரினேட்டர் உள்ள தடாகங்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 60 முதல் 80 பிபிஎம். நம் தடாகத்துக்கு 60 என்றால் 2.7 கிலோ. செல் என்னதான் முழு மூச்சாக ஓடினாலும் ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் மாலையில் குளோரின் பூச்சியம்தான்.

இப்போது மழை. 100 மில்லிமீற்றர் மழை கொழும்புக்குப் புதிதில்லை. ஏற்கெனவே நிரம்பியிருந்த நம் தடாகத்தில் அந்த மழை 3,200 லீற்றர், அதே அளவு வழிந்து வெளியே போகும். அதோடு 10 கிலோ வரை உப்பு போகலாம். உப்பு குறைந்தால் மெஷின் விளக்கு எரிந்து சொல்லிவிடும், அதனால் அது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஸ்டெபிலைசரும் அதே தண்ணீரோடுதான் போகிறது, அதற்கு எந்த விளக்கும் எரியாது. இரண்டு மாத மழை முடிந்து வெயில் திரும்பியதும் உப்பு சரி, பெட்டி சரி, எண் சரி, ஆனால் தண்ணீர் மட்டும் பச்சை பிடிக்கிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். பழுது மெஷினில் இல்லை. பெருமழைக் காலம் முடிந்ததும் உப்பு, ஸ்டெபிலைசர், அல்கலினிட்டி (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் காரத்தன்மை) மூன்றையும் ஒன்றாக அளந்துவிடுங்கள்.

பச்சை பிடித்துவிட்டால், செல்லை முழு அளவில் ஓடவைக்கும் பூஸ்ட் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 20 கிராம் செல் நாள் முழுக்க ஓடினாலும் நம் தடாகத்துக்கு 10 பிபிஎம்தான் ஏறும், அதை வெயிலும் பாசியும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். லிக்விட் குளோரினை ஊற்றிப் பாசியைக் கொன்று, பிரஷ் பிடித்து, தண்ணீர் தெளிந்த பிறகு செல்லிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

பிஎச் எப்போதும் மேலேதான் ஏறும். செல்லில் கிளம்பும் குமிழிகள் தண்ணீரிலுள்ள காபனீரொட்சைட்டை வெளியேற்றுவதுதான் முக்கிய காரணம். ஏறினால் குளோரினின் வலு குறையும், தகட்டில் சுண்ணாம்பு படியும். ஆகவே அசிட் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, வாளித் தண்ணீரில் அசிட்டை ஊற்றுங்கள். அசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. இதைவிட முக்கியம், அசிட் கானையும் குளோரினையும் ஒரே மூலையில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு, பம்ப் ரூம் மாதிரிச் சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. வீட்டில் வேலைக்கு வருபவருக்கும் இதை வாயால் சொல்லி வையுங்கள்.

செல்லைச் சுத்தம் செய்வது பற்றி. யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, தகட்டிலும் அதே சுண்ணாம்புதான். கொழும்புக் குழாய்த் தண்ணீர் பொதுவாக மென்மையானது, அதனால் இங்கே படிவு மெதுவாகத்தான் வரும். குழாய்க் கிணற்றுத் தண்ணீர் நிரப்புபவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை பாருங்கள், வெள்ளை தெரிந்தால் மட்டும் கழுவுங்கள். மின்சாரத்தை முழுதாக நிறுத்தி, செல்லைக் கழற்றி, கையேடு சொல்லும் அளவுக்கு நீர்த்த அசிட்டில் சில நிமிடம் வைத்து, குமிழி அடங்கியதும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். ஸ்க்ரூ ட்ரைவரால் சுரண்டினால் சுண்ணாம்போடு பூச்சும் போய்விடும். அசிட்டில் அடிக்கடி போட்டாலும் அதே கதைதான்.

மென்மையான தண்ணீருக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தண்ணீரில் கல்சியம் மிகவும் குறைந்தால் அது சீமெந்துப் பூச்சையும் டைல் இடுக்குகளையும் அரிக்கத் தொடங்கும். கல்சியம் 200 பிபிஎம்முக்குக் கீழே போகாமல் கல்சியம் குளோரைட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயம். தண்ணீர் ஓடாமல் செல் வேலை செய்யக் கூடாது, ஹைட்ரஜன் உள்ளே தேங்கினால் வெடிக்கவும் கூடும். ஃப்ளோ சுவிட்ச் இருப்பது அதற்காகத்தான், அது பழுதானால் வயரை நேராக இணைத்து “ஓடினால் சரி” என்று விட எந்த எலக்ட்ரீஷியனையும் அனுமதிக்காதீர்கள். ட்ரிப் சுவிட்ச் கட்டாயம், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் பற்றரி இல்லாத டைமரின் நேரம் பின்தங்கும். பகல் ஓட வேண்டிய பம்ப் நள்ளிரவில் ஓடிக்கொண்டிருக்கும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் வானம் இருட்டினால், இடி முழங்கத் தொடங்கும் முன்பே பெட்டியின் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்டுக்கு மின்னல் ஒரு தடவை போதும்.

செல்லுக்கும் ஆயுள் உண்டு, வழக்கமாக மூன்று முதல் ஐந்து வருடம். உப்பை நீங்கள் தனியாக அளந்து பார்த்துச் சரியாக இருந்தும், தகடு சுத்தமாக இருந்தும், பெட்டி மட்டும் “உப்பு குறைவு” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் செல் முடியப்போகிறது என்று சந்தேகியுங்கள். அந்த விளக்கை நம்பி மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்ட வேண்டாம்.

கடைசியாக, நல்லூர்த் திருவிழாவுக்கோ வெளிநாட்டுக்கோ போய் வீடு சில வாரம் பூட்டியிருக்கும்போது மெஷினை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அசையாமல், குளோரினும் இல்லாமல் கிடக்கும் தண்ணீரில் நுளம்பு பெருகும், டெங்கு பரவும் ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது ஆபத்து. பம்பைத் தினமும் ஓடவிட்டு, யாரும் இறங்காததால் சதவீதத்தைக் கொஞ்சம் குறைத்து, வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் ஒருவரிடம் டெஸ்ட் கிட்டைக் கையில் கொடுத்து அளந்து காட்டி, எண்ணைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போங்கள்.