கைப்பேசியில் பிறந்த பாட்டு மேடையேற வேண்டும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம். வெள்ளவத்தையில் நெடுங்காலமாக வாழ்ந்து, கச்சேரி எங்கே நடந்தாலும் தேடிப்போய்க் கேட்டுவரும் ஓர் இரசிகன் என்ற உரிமையோடு இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன்.

நவராத்திரி நெருங்குகிறது. கோயில் வீதிகளிலும், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம் போன்ற அரங்குகளிலும் இனிப் பாட்டுக்குக் குறைவிருக்காது. இந்தியாவிலிருந்து பாடகர்களை அழைத்துவரும் பெரிய திரையிசை இரவுகளுக்கான சுவரொட்டிகளையும் கொழும்பின் காலி வீதியில் காணத் தொடங்குவோம். இன்னொரு பக்கத்தில், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் கொழும்பிலும் நம் இளைஞர்கள் தாமே எழுதி, தாமே இசையமைத்துப் பாடிய பாடல்கள் யூரியூப் வழியாக வந்துகொண்டே இருக்கின்றன. இந்தப் பாடல்களும் அந்த மேடைகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்பதுதான் என் மனக்குறை.

புதிய பாடல்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 'ராப்' எனப்படும் சொல்லிசைப் பாடல்களில் 'எப்பன்' என்றும் 'வடிவு' என்றும் 'கதைக்கிறது' என்றும் வீட்டில் பேசும் சொற்கள் கூச்சமில்லாமல் வந்து உட்காரும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைகிறது. ஆனால் காதல் பாடல் என்று வந்தவுடன் அதே இளைஞர்கள் சென்னைத் திரைப்படத்தின் சொற்களை இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். குரலைக் கணினியில் திருத்தித் திருத்தி, பாடுபவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்காதபடி வழவழப்பாக்கிவிடுகிறார்கள். தாள வாத்தியம் முழுவதும் கணினியில் சேமித்த ஓசைகளாக இருப்பதால், பத்துப் பாடல்களைத் தொடர்ந்து கேட்டால் ஒரே ஆள் வாசித்தது போலிருக்கிறது.

நம் நாட்டில் தமிழ்ப் பொப்பிசை அப்படி வளர்ந்ததல்ல. போர்த்துக்கேயர் வழியாக இங்கு வேரூன்றிய பைலாவின் துள்ளல் தாளத்தைத் தமிழுக்குள் கொண்டுவந்த நித்தி கனகரத்தினமும், 'சுராங்கனி'யால் கடல் கடந்து அறியப்பட்ட ஏ. ஈ. மனோகரனும் கூட்டத்தின் முன்னால் நின்று பாடிப் பெயரெடுத்தவர்கள். மீனைக் குறிக்கும் 'மாலு' என்ற சிங்களச் சொல்லைத் தமிழ்நாட்டு மக்களும் சேர்ந்து பாடியது அந்தப் பாட்டால்தான். அதே காலத்தில் எஸ். கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் இலங்கை வானொலியில் பாடிய மெல்லிசைப் பாடல்களுக்கும் வாத்தியக் கலைஞர்கள் கலையகத்தில் அமர்ந்து வாசித்தார்கள்.

சில மாதங்களுக்கு முன், நூறு பேர்கூட இல்லாத ஒரு சிறிய மண்டபத்தில், இளம் பாடகி ஒருவர் தம்முடைய புதிய பாடலை வயலினும் மிருதங்கமும் மட்டும் துணையிருக்கப் பாடினார். அந்தப் பாடலை நான் முன்பே கைப்பேசியில் கேட்டிருந்தேன். பெரிதாக மனதில் தங்கவில்லை. அன்று மாலை கடற்காற்றின் ஈரம் மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் சுருதி இறங்கிவிட, மிருதங்கக் கலைஞர் சிறு கல்லையும் மரக்கட்டையையும் எடுத்து விளிம்பில் மெல்லத் தட்டித் தட்டிச் சுருதியோடு சேர்த்தார். பாடகி கண்ணை மூடிக் காத்திருந்தார். பிறகு பாட்டுத் தொடங்கியபோது, ஒலிப்பதிவில் ஒரே வேகத்தில் ஓடிய இரண்டாவது சரணத்தை அவர் சற்று நிறுத்திப் பாட, மிருதங்கம் வாசிப்பதை விட்டுக் காத்திருந்து, கடைசிச் சொல்லில் வந்து சேர்ந்துகொண்டது. பாட்டின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால் அந்த நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் அனுசரணையாளர்களின் பெயர்களை மூன்று தடவை வாசித்தார். பாடலை இயற்றியவரின் பெயரையும் மிருதங்கக் கலைஞரின் பெயரையும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

பெரிய மேடைகளில் நம் பாடல்கள் இடம்பெறாததற்கு ஏற்பாட்டாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. திரைப்பாடல் என்றால் இசைக்குழுவினருக்கு மனப்பாடம். ஓர் ஒத்திகையோடு மேடையேறிவிடலாம். புதிய பாடலுக்கோ சுரக்குறிப்புமில்லை, கிற்றார்க் கலைஞருக்கு வேண்டிய கோர்ட்ஸ் எனும் சுரக்கூட்டுகளும் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகவே பாடகர் கரோக்கியைப் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுக்க, பின்னால் பத்துக் கலைஞர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். 2025 மார்ச் 8 ஆம் திகதி இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை அரங்கேற்றிய ரோயல் பில்ஹார்மோனிக் கொன்சேர்ட் ஓர்க்கெஸ்ட்ராவை எண்ணிப்பாருங்கள். அவருடைய பாட்டுகளோடு வளர்ந்த நம்மவர்களல்லர் அவர்கள். இருந்தும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதி தாளில் எழுதப்பட்டிருந்ததால் அவர்களால் அதை வாசிக்க முடிந்தது. நம் இளைஞர்கள் அவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. பாடலை வெளியிடும்போதே, அதன் கீழே சுரமும் கோர்ட்ஸ்களும் தாளமும் அடங்கிய ஒரு பக்கத்தைச் சேர்த்துவிட்டால், கொட்டாஞ்சேனையில் இருக்கிற ஓர் இசைக்குழு மட்டக்களப்புப் பாடலை ஒரே மாலையில் பழகிக்கொள்ளலாம்.

ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் நிகழ்ச்சிகளில் இருபது பாடல்கள் இருந்தால், இரண்டையாவது நம்மவர்களுக்குக் கொடுங்கள். அவற்றை இடைவேளைக்கு முன்பே பாடவிடுங்கள்; இரவு பத்தரை மணிக்கு, மக்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க எழுந்து போகும் நேரத்தில் அல்ல. எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் ஆகியோரின் பெயர்களை, பாட்டுத் தொடங்குவதற்கு முன் தெளிவாக அறிவியுங்கள். இப்படி ஒரு நிகழ்ச்சியை யார் நடத்தினாலும் நுழைவுச்சீட்டை வாங்கிக்கொண்டு நான் வருவேன். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களையும் அங்கே எதிர்பார்க்கிறேன். வணக்கம்.