முதலில் எது?

வணக்கம் நேயர்களே. 16 ஆண்டுகளாக ஆம்புலன்ஸில் வேலை செய்கிறேன். ஈ.எம்.டி., அதாவது ஆம்புலன்ஸில் வேலை செய்யும் அவசர மருத்துவ உதவியாளர், சான்றிதழ்த் தேர்வு எழுதப் போகிறவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து வருகிறேன். இன்றைய பேச்சு அந்தத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்காக.

ஒரு காட்சியை மனதில் கொண்டுவாருங்கள். சாலையோரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். காலில் ரத்தம், வலியில் முனகல். நீங்கள் ஆம்புலன்ஸிலிருந்து இறங்குகிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்?

வகுப்பில் கேட்டால் பலரும் "ரத்தத்தை நிறுத்துவேன்" என்பார்கள். என் முதல் செய்முறைத் தேர்வில் நானும் அதைத்தான் செய்தேன். படுத்திருந்தவர் நடிக்கிறார் என்று தெரியும். ஆனாலும் அந்த முனகல் என்னை இழுத்துவிட்டது. ஓடிப்போய் மண்டியிட்டுக் காயத்தை அழுத்திப் பிடித்தேன். கட்டு நன்றாகவே வந்தது. ஆனால் அந்த இடம் பாதுகாப்பானதா என்று பார்க்கவில்லை, கையுறை போடவில்லை. தேர்வாளர் தன் தாளில் ஒரு கோடு இழுத்தார். அந்தப் பகுதியில் தோல்வி. இவ்வளவு நன்றாகக் கட்டுப் போட்டும் இப்படியா என்று அன்றைக்கு எனக்குக் கோபமும் அழுகையும் வந்தது.

வேலையில் சேர்ந்த பிறகு ஒரு மழை இரவில், அறுந்த மின்கம்பி தண்ணீரில் கிடந்த இடத்துக்குப் போனோம். இறங்கப் போன என் கால் தானாக நின்றது. நானும் அங்கே விழுந்திருந்தால் நோயாளிகள் இரண்டு பேர், காப்பாற்ற ஆள் இல்லை. தேர்வாளர் இழுத்த அந்தக் கோடு எதற்காக என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இந்தத் தேர்வில் பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் இருப்பது இந்த ஒரே கேள்விதான்: முதலில் எது? புத்தகத்தை மூன்று முறை படித்தவர்கள்கூடத் தடுமாறுவது இங்கேதான். நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள், நான்கும் செய்ய வேண்டியவையாகவே இருக்கும். எல்லாம் சரியாகத் தெரிகிறதே என்று மலைத்துப் போவார்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். 60 வயதுக்காரர், கூப்பிட்டால் எழவில்லை. மூச்சு விடும்போது குறட்டை மாதிரி சத்தம் வருகிறது. ஆக்சிஜன் மாஸ்க் வைப்பதா, ரத்த அழுத்தம் பார்ப்பதா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று வீட்டாரிடம் கேட்பதா, மூச்சுப்பாதையைத் திறப்பதா? நினைவில்லாதவரிடம் அந்தக் குறட்டைச் சத்தம் கேட்டால், நாக்கு பின்னால் சரிந்து பாதையை அடைக்கிறது என்று பொருள். அடைத்த பாதையில் ஆக்சிஜன் எப்படி உள்ளே போகும்? ஆகவே பாதையைத் திறப்பதுதான் முதல் வேலை. இனி அதே கேள்வியில் 'ஏணியிலிருந்து விழுந்தார்' என்று ஒரு வார்த்தை சேர்ந்தால், வழக்கமாகச் செய்வதுபோல் தலையைப் பின்னால் சாய்த்துப் பாதையைத் திறக்கக் கூடாது. கழுத்து எலும்பில் அடி இருக்கலாம். தலையை அசைக்காமல் தாடையை மட்டும் முன்னால் தள்ள வேண்டும். ஒரு வார்த்தையில் விடை மாறிவிட்டது. அதனால்தான் கேள்வியை இரண்டு முறை படியுங்கள் என்று மாணவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

அடுத்தது மூச்சு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். ஒருவருக்கு 6 தான் இருக்கிறது, அதுவும் மேலோட்டமாக. மாஸ்க்கில் 15 லிட்டர் ஆக்சிஜன் கொடுக்கலாம் என்று ஒரு விடை இருக்கும். பார்க்கக் கவர்ச்சியான விடை. ஆனால் அவரால் இழுக்கவே முடியவில்லையே, மாஸ்க் மட்டும் என்ன செய்யும்? கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தும் ஆம்பு பையைப் பிடித்து நாம்தான் மூச்சு கொடுக்க வேண்டும். நாடி இருக்கும் பெரியவர் என்றால் 6 விநாடிக்கு ஒரு மூச்சு. பதற்றத்தில் பையை வேகவேகமாக அமுக்குகிறவர்கள் நிறைய. காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும். மனதுக்குள் எண்ணிக்கொண்டே அமுக்கிப் பழகுங்கள்.

பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்பது பொதுவான வரிசை. அதற்கும் விதிவிலக்கு உண்டு. தொடையிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது என்றால் அதை நிறுத்துவதுதான் முதலில். அந்த அளவு ரத்தப்போக்கு சில நிமிடங்களில் உயிரை எடுத்துவிடும். நேரடியாக அழுத்துங்கள். கை கால்களில் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்தின் மீது அல்ல, காயத்துக்கு மேற்புறம் உடம்பை ஒட்டிய பக்கத்தில், ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிகே பட்டையை இறுக்குங்கள், மூட்டின் மேல் மட்டும் வேண்டாம். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். வரிசையைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் தவறுவார்கள். எது இவரை முதலில் கொல்லும் என்று கேட்டுப் படித்தவர்கள் தவற மாட்டார்கள்.

அதிர்ச்சி நிலை, அதாவது உடம்பின் உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத 'ஷாக்' நிலை, பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாடி 124, தோல் வெளிறி, சில்லென்று வியர்த்திருக்கிறது, ஆள் பதற்றமாக இருக்கிறார், ரத்த அழுத்தம் 118-க்கு 76. அழுத்தம் நன்றாகத்தானே இருக்கிறது என்று மாணவர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். உடம்பு தன்னால் முடிந்தவரை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. இதயம் வேகமாக ஓடுகிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அதனால்தான் அந்த எண் இன்னும் விழவில்லை. அழுத்தம் விழும்போது நாம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டோம். குழந்தைகளிடம் இது இன்னும் ஆபத்து. கடைசி வரை அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள், அப்புறம் திடீரென்று சரிந்துவிடுவார்கள். ஆகவே எண்ணைப் பார்க்கும் முன் தோலைத் தொட்டுப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள்.

சரி, எப்படிப் படிப்பது? வாய்விட்டுப் படியுங்கள். கோடு போட்டுக் கோடு போட்டு மௌனமாகப் படிக்கும் பழக்கம் இந்தத் தேர்வுக்குப் போதாது. வீட்டில் ஒருவரைத் தரையில் படுக்க வையுங்கள். ஆள் இல்லையென்றால் தலையணையை வையுங்கள். "இடம் பாதுகாப்பாக இருக்கிறது. கையுறை போட்டுவிட்டேன். எத்தனை நோயாளிகள்? கூடுதல் உதவி வேண்டுமா?" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே நெருங்குங்கள். நினைவு இருக்கிறதா, பாதை திறந்திருக்கிறதா, மூச்சு, நாடி, தோல் என்று கையும் வாயும் சேர்ந்து போகட்டும். முதல் நாள் வெட்கமாக இருக்கும். பத்து நாளில் கை தானாகப் போகும். தேர்வறையில் பயத்தில் மூளை உறைந்தாலும் அந்தக் கை உங்களைக் காப்பாற்றும்.

இதயம் நின்றுபோனவருக்குக் கையால் கொடுக்கும் நெஞ்சு அழுத்தத்தைப் பயிற்சிப் பொம்மையில்தான் பழக வேண்டும், வேறு வழியில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல். பெரியவர்களுக்கு 30 அழுத்தம், 2 மூச்சு. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதும் மேலே வரக் கையைத் தளர்த்துங்கள். பலர் பொம்மையின் மேலேயே சாய்ந்து நின்றுவிடுகிறார்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதி ஏன் வந்தது என்பது, முழு 2 நிமிடம் செய்து பார்த்தால் உங்கள் தோளே சொல்லும்.

தவறிய கேள்விகளுக்கு ஒரு தனி நோட்டு வையுங்கள். சரியான விடையை மட்டும் எழுதினால் பயன் குறைவு. ஏன் தவறினேன் என்று ஒரு வரி எழுதுங்கள்: தெரியவில்லையா, அவசரப்பட்டேனா, கேள்வியில் இல்லாததைக் கற்பனை செய்தேனா. என் மாணவர்களில் பலருக்கு மூன்றாவதுதான் நோய். "ஒருவேளை இவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால்?" என்று தாங்களாகவே கதையை நீட்டுவார்கள். கேள்வியில் இருப்பதற்கு மட்டும் விடை சொல்லுங்கள்.

சில தேர்வுகள் கணினியில் நடக்கும். அமெரிக்காவில் ஈ.எம்.டி.க்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் தேசியப் பதிவகம் நடத்தும் தேர்வு அப்படிப்பட்டது. நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும், பின்னால் போய்த் திருத்த முடியாது. ஆளுக்கு ஆள் கேள்விகளின் எண்ணிக்கையும் மாறும், 70 முதல் 120 வரை. கடினமாக இருக்கிறதே, தோற்றுவிட்டேனோ என்று நடுவில் கலங்குகிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் கடினமாகத்தான் இருக்கும், அந்தத் தேர்வின் அமைப்பே அது. பக்கத்துக் கணினிக்காரர் சீக்கிரம் எழுந்து போனாலும் கவலைப்படாதீர்கள்.

முந்தைய நாள் இரவு புதிதாக எதையும் தொடாதீர்கள். தூங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செய்முறைத் தேர்வில் படுத்திருப்பவரோடு பேசுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், உதவ வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், தொடும் முன் அனுமதி கேளுங்கள், "இப்போது உங்கள் கையில் நாடி பார்க்கிறேன்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்யுங்கள். நான் இரண்டாம் முறை தேர்வுக்குப் போனபோது வாசலிலேயே நின்று இடத்தைச் சுற்றிப் பார்த்தேன், கையுறை போட்டேன், பிறகு மண்டியிட்டு என் பெயரைச் சொன்னேன். நோயாளியாக நடித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்துத் தன் பெயரைச் சொன்னார். என் கை நடுக்கம் அதோடு நின்றது.

நன்றி, வணக்கம்.