இறைச்சியே இல்லாத சாசேஜ்: ஒரு ஜெர்மன் மேயரின் விநோத காப்புரிமை

ஒரு சாசேஜ். உள்ளே இறைச்சிக்குப் பதிலா சோயா மாவு. கண்டுபிடிச்சவர் ஜெர்மன்காரர், ஆனா ஜெர்மனி காப்புரிமை தர மறுத்துடுச்சு. கொடுத்தது யாரு? முதல் உலகப் போர்ல ஜெர்மனியோட மோதிக்கிட்டிருந்த பிரிட்டன்!

இவர் சமையல்காரரோ விஞ்ஞானியோ இல்லை. கொலோன் நகர மேயர், கொன்ராட் அடனாவர்.

பின்னணியைச் சட்டுனு முடிச்சிடுறேன். அன்னைக்கு பிரஷ்யாவுல (கொலோன் இருந்த ஜெர்மன் ராஜ்ஜியம்) மேயர்னா சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நிர்வாகி. சட்டம் படிச்சு, துணை மேயரா தேறி மேல வரணும். மக்கள் நேரடியா ஓட்டுப் போட முடியாது. நகர மன்றம் 12 வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கும், அரசர் ஒப்புக்கணும். பதவிப் பேரு ஓபர்பியூர்கர்மைஸ்டர். சொல்லிப் பழகவே 12 வருஷம் தேவைதான்! அடனாவர் 1906ல நிர்வாகத்துக்குள்ள வந்தார், 1909ல முதல் துணை மேயர், 1917ல 41 வயசுல மேயர்.

சாசேஜுக்கு முன்னாடி அவர் கைவச்சது ரொட்டியில. முதல்ல அதுக்கு வருவோம். போர்ல பிரிட்டன் கடல் வழியை அடைச்சிடுச்சு, கோதுமைக்கும் ரைங்கிற தானியத்துக்கும் தட்டுப்பாடு. நகரத்தோட உணவு விநியோகம் அடனாவர் தலையில. ரெண்டு ரொட்டிக்கடைக்காரர்களோட சேர்ந்து மக்காச்சோளம், பார்லி, அரிசி மாவுல கறுப்பு ரொட்டி தயாரிச்சு, 1915ல காப்புரிமையும் வாங்கினார்.

இதுல என்ன சிக்கல்? கோதுமை மாவைப் பிசைஞ்சா ஒரு இழுவை வரும் பாருங்க, அதுக்குக் காரணம் குளூட்டன்ங்கிற புரதம். ஈஸ்ட் விடுற வாயுவைப் பிடிச்சு வச்சு ரொட்டியை உப்ப வைக்கிறது அதுதான். மக்காச்சோளத்துலயும் அரிசியிலயும் அது கிடையாது. அதனால ரொட்டி கனமா இருக்கும், வெட்டினா உதிரும். கொலோன்காரங்க சும்மா விடுவாங்களா? தோல் நீக்கித் தீட்டின பார்லிக்கு ஜெர்மன்ல 'கிராவ்பன்'. அடனாவரை 'கிராவ்பனாவர்' ஆக்கிட்டாங்க! அட்டகாசமான பட்டப்பேர், இல்லையா?

அப்புறம் 1916ல ருமேனியா எதிரணிக்குப் போச்சு. மக்காச்சோளம் வந்துக்கிட்டிருந்ததே அங்கிருந்துதான். ரொட்டிக் கதை அங்கேயே படுத்துடுச்சு.

அடுத்ததுதான் நம்ம சாசேஜ். ஜெர்மனி மறுத்ததுக்குக் காரணம் சுவை இல்லைங்க, விதிமுறை: இறைச்சி இல்லைன்னா அது சாசேஜே இல்லை! சைவ சாசேஜுக்கு இந்தப் பேரை வைக்கலாமான்னு ஐரோப்பாவுல இன்னைக்கும் அதே சண்டைதான். நீங்க எந்தப் பக்கம்? கமெண்ட்ல அடிச்சுக்கோங்க.

மேயரா பல்கலைக்கழகம், பசுமை வளையம், கொலோன்-பான் நெடுஞ்சாலைன்னு நிறைய செஞ்சார். 1933ல நாஜிகள் அவரைப் பதவியிலிருந்து தூக்கிட்டாங்க.

1949ல மேற்கு ஜெர்மனி நாடாளுமன்றத்துல முதல் சான்சலர் (நம்ம பிரதமர் மாதிரி) தேர்தல். தேவை 202 ஓட்டு. அடனாவருக்குக் கிடைச்சது சரியா 202.