10 வாரத்துல ரெண்டு எலெக்ஷன்! எங்க வார்டு கூத்து | எடின்பரோ வ்லாக்

வணக்கம் மக்களே! உயிரோட இருக்கேன், பயப்படாதீங்க. நேத்து இங்க ரெட் வார்னிங். பஸ் இல்ல, டிராம் இல்ல, ட்ரெயின் இல்ல. புயல் வீடியோ எங்கன்னு கேக்கறீங்க, அது அடுத்தது. இன்னைக்கு வேற ஒரு கடுப்பு இருக்கு, அதைக் கொட்டிட்டுதான் மறுவேலை.

முந்தாநாள், 2025 ஜனவரி 23, எங்க வார்டுல கவுன்சில் (நம்ம ஊரு மாநகராட்சி மாதிரி) இடைத்தேர்தல். கோலிண்டன்/ஃபேர்மைல்ஹெட். நான் எப்பவும் வாக்கிங் போவேனே, பென்ட்லாண்ட் மலை அடிவாரம், ஆக்ஸ்காங்ஸ், ஸ்வான்ஸ்டன், அதெல்லாம் இந்த வார்டுதான். "நவம்பர்ல ஓட்டு போட்டேன்னு சொன்னீங்களே?" ஆமாங்க! போட்டேன்! அதே சீட்டுக்கு மறுபடியும்!

2024 நவம்பர் 14 எலெக்ஷன்ல லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் ஜெயிச்சாங்க. இந்த வார்டுல அந்தக் கட்சிக்கு அதான் முதல் வெற்றி. ஜெயிச்ச கொஞ்ச நாள்லயே ராஜினாமா. குடும்பத்தோட வெளிநாடு போறாங்களாம். போகட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா ஓட்டு கேட்டு வரும்போது இது தெரியாதா? நாலு மணிக்கே இருட்டற குளிர்காலத்துல ஊரையே திரும்ப வரிசையில நிக்க வெச்சுட்டாங்க. எனக்கு இன்னும் ஆறல.

இருங்க, முதல் எலெக்ஷன் ஏன் வந்துச்சுன்னு சொல்லவே இல்லையே. லேபர் கவுன்சிலர் ஸ்காட் ஆர்தர் 2024 ஜூலையில எம்.பி. ஆயிட்டாரு, எடின்பரோ சவுத் வெஸ்ட் தொகுதிக்கு. அதான் சீட் காலி. அவரு இந்த ஊரோட போக்குவரத்து கன்வீனரா, அதாவது கவுன்சில்ல போக்குவரத்துக் குழுத் தலைவரா இருந்தவரு. நடைபாதையில கார் நிறுத்தினா 100 பவுண்டு அபராதம், 14 நாளுக்குள்ள கட்டினா 50. ஸ்காட்லாந்துலயே அதை முதல்ல அமல்படுத்தினது எடின்பரோதான், 2024 ஜனவரியில. என் ஃப்ரெண்ட்ஸ் பாதி பேரு திட்டறாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. குழந்தை வண்டி தள்ளிட்டுப் போறவங்களைக் கேட்டுப் பாருங்க.

சரி, பூத்துக்கு வருவோம். பாஸ்போர்ட், விசா கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டுத்தான் போனேன், பழக்கதோஷம். பூத்துல இருந்த அம்மா என் பேரு, அட்ரஸ் கேட்டாங்க, லிஸ்ட்ல கோடு போட்டாங்க, வாக்குச்சீட்டைக் குடுத்துட்டாங்க. அவ்வளவுதான்! ஜூலை பார்லிமென்ட் எலெக்ஷனுக்கு போட்டோ ஐடி கட்டாயம். ஸ்காட்லாந்து கவுன்சில் எலெக்ஷனுக்கு வேண்டாம். சட்டம் வேற. அப்புறம் மை! விரல்ல மை கிடையாது மக்களே. பென்சில்ல எழுதி, பெட்டியில போட்டுட்டு, வெறும் விரலோட வெளிய வந்து நிக்கறேன். தம்ப்நெயிலுக்கு என்னத்தைக் காட்டறது? மை இல்லாத விரலை நீட்டி எடுத்த போட்டோ எனக்கு யாரோ அடிபட்ட மாதிரி இருக்கு. எங்க அம்மா வாட்ஸ்அப்ல, "நிஜமாவே போட்டியா?"ங்கறாங்க. ஒரு சொட்டு மையில என்னங்க ஆயிடப் போகுது?

ஆனா ஓட்டு போடற முறை எனக்கு உசுரு. ஒரே ஒருத்தருக்குக் குத்திட்டு வர்றது இல்ல. பிடிச்சவருக்கு 1, அடுத்தவருக்கு 2, 3ன்னு எவ்வளவு வேணாலும் போடலாம். 2007லேர்ந்து இங்க கவுன்சிலுக்கு இதான். உங்க ஆளு தேறலைன்னா ஓட்டு அடுத்த நம்பருக்குப் போயிடும், வீணாகாது.

இங்கதான் சூட்சுமம். எங்க வார்டுக்கு 3 கவுன்சிலர். முழு கவுன்சில் எலெக்ஷன்ல பேச்சுக்கு 8,000 ஓட்டு விழுந்தா, 2,001 எடுத்தவர் உள்ள, ஏன்னா அந்த அளவை மூணு பேருக்கு மேல எடுக்கவே முடியாது. இடைத்தேர்தல்ல ஒரே சீட்டு, அதனால 4,001 வேணும். கால்வாசி ஆதரவுல ஜெயிச்ச சீட்டைக் காப்பாத்த, அதே கட்சிக்கு இப்போ பாதி ஊரு வேணும். லேபர் சீட்டு லிப் டெம்முக்குப் போய், இப்போ கன்சர்வேடிவ் நீல் கத்பர்ட் கைக்கு வந்துடுச்சு. ஊரு அப்படியே தலைகீழா மாறிடுச்சுன்னு பேசறவங்க இந்தக் கணக்கைப் பார்க்கறதே இல்ல.

பழைய கதையைப் பார்த்தா இன்னும் வேடிக்கை. 2007ல கன்சர்வேடிவ் ரெண்டு, எலைன் எய்ட்கனும் ஜேசன் ரஸ்ட்டும். மூணாவது லேபர். 2012ல அதே ரெண்டு பேரு, மூணாவது எஸ்.என்.பி.யோட (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) ரிச்சர்ட் லூயிஸ். 2017ல ரஸ்ட், இன்னொரு கன்சர்வேடிவ், அப்புறம் நம்ம ஆர்தர். 2022லதான் ஆளுக்கு ஒண்ணு: ஆர்தர், ரஸ்ட், எஸ்.என்.பி.யோட மார்கோ பியாஜி. இப்போ கத்பர்ட் வந்ததும் கன்சர்வேடிவ் 2, எஸ்.என்.பி. 1. 2012 கணக்கு அச்சு அசலா!

அந்த ரஸ்ட் மட்டும் எல்லாத்துலயும் இருக்காரு, கவனிச்சீங்களா? அதுவும் வாக்குச்சீட்டுல பேரு குடும்பப் பேர் இங்கிலீஷ் அகரவரிசையில வரும். ஒரே கட்சி ரெண்டு பேரை நிறுத்தினா, மேல இருக்கறவருக்குத்தான் 1 அதிகமா விழும், ஸ்காட்லாந்து முழுக்க இதைப் பார்த்திருக்காங்க. எய்ட்கன் மேல, ரஸ்ட் கீழ, அப்படியும் ஜெயிச்சிருக்காரு. பேரு வரிசையை மாத்தி மாத்தி அச்சடிச்சா என்னவாம்? 'V'ல ஆரம்பிக்கற பேரை வெச்சுக்கிட்டு கேக்கறேன்.

ஆங், முக்கியமானதை விட்டுட்டேன். விசாவுல இருக்கறவங்களுக்கு ஓட்டு கிடையாதுன்னு போன வீடியோவுல ஒருத்தர் சண்டைக்கு வந்தாரு. சார், இந்தியா, இலங்கை ரெண்டும் காமன்வெல்த். சட்டப்படி இங்க தங்கியிருந்தா கவுன்சிலுக்கு மட்டும் இல்ல, பார்லிமென்டுக்கும் ஓட்டு உண்டு. ஸ்காட்லாந்துல கவுன்சிலுக்கு 16 வயசு போதும். லிஸ்ட்ல பேரு சேர்க்கணும், அதுக்குக் காசு கிடையாது. அடுத்த முழு எலெக்ஷன் 2027 மே. அதுக்குள்ள இங்க வேற யாரும் ராஜினாமா பண்ணாம இருந்தா சரி.