ஸ்டான்ஃபோர்டு சிறை: என் பழைய வீடியோவுக்கு ஒரு திருத்தம்

வணக்கம். இன்று பின்னணி இசை கிடையாது. போன தடவை அதைப் போட்டுத்தான் கெடுத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டான்ஃபோர்டு சிறைப் பரிசோதனை பற்றி ஒரு வீடியோ போட்டேன். ‘சாதாரண மாணவர்கள் ஆறே நாளில் மிருகம் ஆனார்கள்’ என்று தம்ப்நெயிலில் சிவப்பு எழுத்து. இந்தச் சேனலில் அதிகம் பேர் பார்த்ததும் அதைத்தான். அதில் சொன்னதில் பாதியை இன்று சொல்ல மாட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1971 ஆகஸ்ட், கலிஃபோர்னியா. பிலிப் ஜிம்பார்டோ என்ற உளவியல் பேராசிரியர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, நாளுக்கு 15 டாலர் என்று பேசி 24 இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கிறார். சிலர் கைதி, சிலர் காவலர். உளவியல் துறைக் கட்டடத்தின் அடித்தளம்தான் சிறை. காவலர்கள் நடு ராத்திரியில் கைதிகளை எழுப்பி நம்பர் சொல்ல வைத்தார்கள், உடையைக் களையவைத்தார்கள், கழிவறைக்கு விடாமல் வாளியைக் கொடுத்தார்கள். இரண்டு வாரத் திட்டம் ஆறு நாளில் நின்றது. இதெல்லாம் நடந்ததுதான். எப்படி நடந்தது என்பதில்தான் சிக்கல்.

சீருடையை மாட்டியதும் கொடூரம் தானாகப் பொங்கியது என்று நானும் சொன்னேன். பிற்பாடு தீபோ லெ தெக்ஸியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய ஒலிப்பதிவுகளையும் குறிப்புகளையும் தோண்டினார். ஒரு பதிவில், மென்மையாக நடந்துகொண்ட காவலர் ஒருவரிடம் ‘நீ இன்னும் கடுமை காட்ட வேண்டும்’ என்று வார்டன் வற்புறுத்துகிறார். அந்த வார்டன் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர். சிறைக் கண்காணிப்பாளராக இருந்தது ஜிம்பார்டோவேதான்! அம்பயரே மட்டையைப் பிடித்தால் ஸ்கோரை எப்படி நம்புவது?

அப்புறம் அந்த அலறல். ‘எனக்கு உள்ளுக்குள் எரிகிறது’ என்று ஒரு கைதி கத்தும் ஒலிப்பதிவு உண்டு, அதை என் பழைய வீடியோவில் இரண்டு முறை ஓடவிட்டேன். பல வருஷம் கழித்து அவர் சொன்னது வேறு கதை: பரீட்சைக்குப் படிக்கலாம் என்று வந்தாராம், புத்தகம் கொடுக்கவில்லையாம், வெளியே போகிறேன் என்றால் விடவில்லையாம், அதனால் கூடுதலாகவே நடித்தாராம். குறிப்பிட்ட ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் விட்டிருப்போம் என்றார் ஜிம்பார்டோ. பங்கேற்றவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் அந்த வாக்கியமே இல்லை. பல்கலைக்கழகக் குழு அனுமதி கொடுத்த ஆய்வு இது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அலறல் நடிப்பா நிஜமா என்பதை விடுங்கள், போகிறேன் என்றவனை விடாததே தப்பு. எனக்கு உறுத்துவது இன்னொன்றும் உண்டு. என் வீடியோவுக்கு அவர் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

சரி, மீடியாவுக்கு வருகிறேன். முதல் நாள் நிஜப் போலீஸ் வந்து ‘கைதி’களை வீட்டு வாசலில் விலங்கு மாட்டி அழைத்துப் போனது. அப்படி நடக்கும் என்று அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் உள்ளூர் டிவி கேமரா மட்டும் கூடவே போனது. ஆகஸ்ட் 20 அன்று பரிசோதனை நின்றது. மறுநாளே சான் க்வென்டின் சிறையில் ரத்தக்களரி, செப்டம்பரில் அட்டிகா சிறைக் கலவரம். நாடே சிறை பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, கையில் ‘விடை’யோடு ஒருவர் நின்றார். அக்டோபரில் நாடாளுமன்றத் துணைக்குழு முன் சாட்சியம், நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சி. ஆய்வுக் கட்டுரை வந்தது 1973-ல்! சக ஆய்வாளர்கள் படித்துக் கேள்வி கேட்பதற்குள் தீர்ப்பு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

2002-ல் பி.பி.சி. இதே மாதிரி ஒரு சிறையை ஒளிபரப்பியது. ஹாஸ்லம், ரைஷர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நடத்தினார்கள். தனி நெறிமுறைக் குழு ஒன்று, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் அதிகாரத்தோடு கண்காணித்தது. காவலர்களுக்கு இப்படி நட, அப்படி நட என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அங்கே காவலர்களுக்குள்ளேயே ஒற்றுமை வரவில்லை, கைதிகள் அவர்களைக் கவிழ்த்துவிட்டார்கள். ஜிம்பார்டோ இதை வெறும் ரியாலிட்டி ஷோ என்று ஒதுக்கினார். கேமரா இருந்தால் ஆட்கள் மாறுவார்கள் என்பது நியாயமான ஆட்சேபம்தான். 1971-லும் கேமரா இருந்ததே, சார்?

கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற இளம் உளவியலாளர் பற்றியும் சொல்ல வேண்டும். தலையில் பையை மாட்டி, காலைச் சங்கிலியால் பிணைத்துக் கைதிகளை வரிசையாகக் கழிவறைக்கு ஓட்டிப் போவதைப் பார்த்துவிட்டு, இது கொடுமை என்று ஜிம்பார்டோவிடம் சண்டை போட்டவர் அவர். மறுநாள் காலை பரிசோதனை நின்றது. அதுவரை உள்ளே வந்துபோன வெளியாட்கள் ஐம்பதுக்கும் மேல், அதில் அவர் ஒருவர்தான் இது தப்பு என்று கேட்டார். இது ஜிம்பார்டோவே பிற்பாடு சொன்னது. என் பழைய வீடியோவில் மாஸ்லாக்குக்குக் கொடுத்தது எட்டு செகண்ட்.

பழைய வீடியோவை நீக்கவில்லை, உங்கள் கமெண்டுகள் அதில் இருக்கின்றன. அலறல் பகுதியை வெட்டிவிட்டேன். தலைப்பையும் தம்ப்நெயிலையும் மாற்றினேன். அடுத்த வாரமே அதன் பார்வை பாதியாக இறங்கிவிட்டது.