ஒரே வீட்டுக் கடன், ரிப்போர்ட்டில் இரண்டு முகம்!

[திரையில்: அஸ்திவாரம் மட்டும் போட்ட மனை]

இந்த மனையைப் பாருங்கள். சுவர் இல்லை, கூரை இல்லை. ஆனால் இதற்காக வாங்கிய 4,00,000 டாலர் கடன், அமெரிக்க அரசுக்குப் போகிற ஒரு பட்டியலில் 'வீடு வாங்கக் கொடுத்த கடன்' என்று முழுத் தொகையோடு ஏறிவிடும். அதே கடன், அதே வங்கி அனுப்புகிற இன்னொரு படிவத்தில், வெறும் 60,000 டாலர் கட்டுமானக் கடனாக நிற்கும். இரண்டுமே சரிதான்!

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பட்டியல் ஹம்டா (HMDA), 1975-ல் வந்த வீட்டுக் கடன் விவர வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் வங்கிகள் அனுப்புவது. வங்கிகள் எந்தப் பகுதிக்குக் கடன் கொடுக்கின்றன, எதை ஒதுக்குகின்றன என்று ஊருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக வந்தது. இரண்டாவது கால் ரிப்போர்ட் (Call Report), மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வங்கி தன் நிலைமையைச் சொல்கிற படிவம். அவ்வளவுதான்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு, 2024 நவம்பரில் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். கட்டும்வரை வட்டி மட்டும், கட்டி முடிந்ததும் அதே கடன் 30 வருட வீட்டுக் கடனாக மாறிவிடும், ஒரே பத்திரம். வங்கி மொத்தப் பணத்தையும் தூக்கிக் கொடுக்காது. ஆள் வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் அடுத்த தவணை. டிசம்பர் 31 வரை கொடுத்தது 60,000 என்றால் கால் ரிப்போர்ட்டின் கடன் பட்டியலில் அது மட்டும்தான் வரும், மீதி 3,40,000 இன்னும் கொடுக்காத வாக்குறுதியாக வேறொரு அட்டவணையில் உட்காரும். ஹம்டாவுக்கு அந்தக் கவலையே இல்லை, பத்திரத்தில் என்ன தொகையோ அதுதான், 2025 மார்ச் 1-க்குள் போய்ச் சேரவேண்டும்.

எப்போது இது கட்டுமான வரிசையை விட்டு சாதாரண வீட்டுக் கடன் வரிசைக்குப் போகும்? கட்டி முடிக்கிற நாள், அசலைக் கட்ட ஆரம்பிக்கிற நாள், இரண்டில் எது முந்துகிறதோ அது. ஜூலையில் வேலை முடிந்தால் ஜூன் 30 ரிப்போர்ட்டில் கட்டுமானம், செப்டம்பர் 30 ரிப்போர்ட்டில் வீட்டுக் கடன். இந்த 'எது முந்துகிறதோ' என்பதை நான் ரொம்பவே ரசிக்கிறேன், ஏனென்றால் வங்கியின் ஆபத்து குறைகிற நேரத்தை அது சரியாகப் பிடிக்கிறது. பாதி கட்டிய வீட்டை யாரிடம் விற்பீர்கள்? 2008-க்குப் பிறகு ஜார்ஜியா மாநிலத்தில் வரிசையாக வங்கிகள் மூடப்பட்டதில் கட்டுமானக் கடன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டுமானக் கடனும் நிலக் கடனும் சேர்ந்து வங்கியின் மொத்த மூலதனத்தைத் தொட்டாலே கூர்ந்து பார்ப்போம் என்று கண்காணிப்பு அமைப்புகள் 2006-லேயே சொல்லியிருந்தன. முடிந்த வீட்டை இன்னும் கட்டுமான வரிசையில் விட்டுவைத்தால், அந்த அளவு வீணாக ஏறி நிற்கும்.

அப்புறம் ஒன்று. கட்டுவதற்குத் தனிக் கடன், பிறகு அதை அடைக்கத் தனி வீட்டுக் கடன் என்று இரண்டு பத்திரமாகப் போட்டால்? முதல் கடன் தற்காலிகக் கடன், ஹம்டாவில் வராது, இரண்டாவதுதான் வரும். விற்பதற்காகவே கட்டுகிற பில்டர் வாங்கும் கட்டுமானக் கடனும் வராது.

உங்களில் யாராவது டெக்சாஸ் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தால், ஒரே பத்திரமா இரண்டா என்று கமென்ட்டில் சொல்லுங்கள்.